உண்ணியின் பெயர் என்ன?

காட்டு விலங்குகளின் மேல் ஊர்ந்தும், தோலில் பல் பதித்தும், தோலுக்குள் வளை தோண்டியும் பிழைக்கும் சிற்றுயிர்களைப் புற ஒட்டுண்ணிகள் என்று அறிவியல் வகைப்படுத்துகிறது. உண்ணி, பேன், தெள்ளுப்பூச்சி, சொறி உண்டாக்கும் சிற்றுண்ணி, சிறகை இழந்த ஈ, அட்டை எல்லாம் இந்தக் கூட்டத்தில் அடங்கும். இவை ஒன்றுக்கொன்று உறவினர் அல்ல. சிலந்திக்கு நெருங்கியவையும், ஈக்கு நெருங்கியவையும், மண்புழுவுக்கு நெருங்கியவையும் இதில் உண்டு. அடுத்த உயிரின் உடலில் உணவு தேடும் பிழைப்பு ஒன்றுதான் இவற்றுக்குப் பொது. ஆகவே ஒரு மானின் காதிலிருந்து எடுத்த கறுப்புப் பொட்டு எது என்று சொல்ல வேண்டுமானால், முதலில் அது எந்தக் குலத்தைச் சேர்ந்தது என்பதைத் தீர்க்க வேண்டும்.

அதற்கான முதல் சோதனை கால்களை எண்ணுவது. ஆறு கால் இருந்தால் பெரும்பாலும் பூச்சி: பேன், தெள்ளு, ஈ. எட்டு இருந்தால் சிலந்தி வகுப்பு: உண்ணி, சிற்றுண்ணி. காலே இல்லாமல் இரு முனையிலும் உறிஞ்சி இருந்தால் அட்டை. இந்த எளிய கணக்கிலும் ஒரு பொறி இருக்கிறது. முட்டையிலிருந்து வெளிவந்த உண்ணிக் குஞ்சுக்கு ஆறு கால்தான். ஒருமுறை ரத்தம் குடித்துத் தோலுரித்த பிறகே அதற்கு எட்டாகிறது. கடுகினும் சிறிய உண்ணிக் குஞ்சைப் பேன் என்று எழுதிவைத்த பதிவுகள் உண்டாவது இதனால்தான். கால் எண்ணிக்கையோடு உடல் பகுப்பையும் பார்த்தால் இந்தக் குழப்பம் தீரும். பூச்சிக்குத் தலை, மார்பு, வயிறு என்று மூன்று பகுதிகள் பிரிந்து தெரியும். உண்ணியின் உடல் ஒரே பை. முன்னால் நீட்டிக்கொண்டிருப்பது தலைபோலத் தோன்றினாலும் அது வாயுறுப்புகளின் தொகுப்பு மட்டுமே. மூளை அந்தப் பைக்குள் இருக்கிறது.

தமிழில் ஒட்டுண்ணி என்ற பொதுச்சொல்லே உண்ணியை வைத்துப் பிறந்ததுபோல ஒலிக்கிறது. மாட்டைச் சுற்றி நடக்கும் உண்ணிக்கொக்கும், காடுகளை அடைத்துப் பரவியிருக்கும் உண்ணிச்செடியும் அதன் பெயரைச் சுமக்கின்றன. ரத்தம் குடித்து ஊதிய பெண் உண்ணியை ஆமணக்கு விதையோடு ஒப்பிட்டுப் பார்க்காத கிராமத்துக் கண் இருக்காது. லத்தீன் பேசியவர்களுக்கும் அதே ஒப்புமை தோன்றியிருக்கிறது. ரிசினஸ் என்ற சொல் அவர்களிடம் உண்ணிக்கும் ஆமணக்குக்கும் பொதுவாக இருந்தது. 1758-இல் உயிர்களுக்கு இரட்டைப் பெயரிடும் முறையை விலங்குலகம் முழுவதற்கும் விரித்த லின்னேயஸ், ஐரோப்பாவின் சாதாரணக் காட்டு உண்ணிக்கு அந்தச் சொல்லையே இட்டார். இன்று அது இக்ஸோடிஸ் ரிசினஸ். ஆமணக்கின் தாவரவியல் பெயரும் ரிசினஸ் என்றுதான் தொடங்குகிறது.

உலகில் இதுவரை பெயரிடப்பட்ட உண்ணி இனங்கள் சுமார் 900. இவை இரண்டு பெருங்குடும்பங்களில் அடங்குகின்றன. ஒரே ஓர் ஆப்பிரிக்க இனம் மட்டும் தனிக் குடும்பமாக ஒதுங்கி நிற்கிறது. முதல் குடும்பம் வன்னுண்ணிகள். இவற்றின் முதுகில் கெட்டியான தகடு இருக்கும். ஆணில் அது முதுகு முழுவதையும் மூடும். பெண்ணில் முன்பகுதியோடு நின்றுவிடும். மீதித் தோல் சுருக்கம் விரிந்து பல மடங்கு பெருக்க அந்த இடைவெளி தேவை. இரண்டாவது குடும்பம் மென்னுண்ணிகள். தகடு கிடையாது, தோல் பழைய செருப்புத்தோல் போல மடிப்பு மடிப்பாக இருக்கும், வாயுறுப்பு அடிப்பக்கம் மறைந்திருப்பதால் மேலிருந்து பார்த்தால் தெரியாது. வன்னுண்ணி நாள்கணக்கில் ஒரே இடத்தில் கடித்துக்கொண்டு தொங்கும். மென்னுண்ணி பெரும்பாலும் குகையிலும் கூட்டிலும் பதுங்கியிருந்து, விலங்கு உறங்கும்போது சில நிமிடங்களிலோ ஒரு மணி நேரத்துக்குள்ளோ குடித்துவிட்டுத் திரும்பிவிடும். ஆகவே காட்டில் பிடிபட்ட விலங்கின் உடலில் கிடைப்பது அநேகமாக வன்னுண்ணிதான்.

வன்னுண்ணிகளைப் பேரினம்வரை பிரிக்க நுண்ணோக்கியின் கீழ் அதைப் புரட்டிப்போட வேண்டும். கண் முதலில் தேடுவது ஆசனவாயை. அதைச் சுற்றி ஒரு வளைந்த பள்ளம் ஓடும். அந்தப் பள்ளம் ஆசனவாய்க்கு முன்புறமாக வளைந்தால் அது இக்ஸோடிஸ். பின்புறமாக வளைந்தால் மற்றப் பேரினங்களில் ஒன்று. இந்த ஒரே கோடு உலகின் வன்னுண்ணிகளை இரண்டாகப் பிளக்கிறது. அடுத்து வாயுறுப்பு. அது நீண்டு, முதுகுத் தகட்டில் வண்ணக்கோலமும் இருந்தால் அம்ப்ளியோமாவாக இருக்கலாம். நீண்ட வாயோடு கால் மூட்டுகளில் வெளிர்ப் பட்டைகள் இருந்தால் ஹையலோமா. குட்டையான வாயின் அடிப்பகுதி மேலிருந்து பார்க்க அறுகோணமாகத் தெரிந்தால் ரைபிசெஃபாலஸ்; நாய்மேல் காணும் பழுப்பு உண்ணி இந்தப் பேரினம். வாயின் இருபக்கத்திலும் உள்ள உணர்கொம்பு போன்ற உறுப்பின் இரண்டாம் கணு பக்கவாட்டில் முனை தள்ளி, கண்ணும் இல்லாமல் இருந்தால் ஹீமாஃபைசாலிஸ். வயிற்றின் பின்விளிம்பில் முறுக்குப் பிழிந்ததுபோல வரிசையாகத் தெரியும் சிறு மேடுகளையும் எண்ண வேண்டும். இவ்வாறு ஒவ்வொரு படியிலும் 'ஆம் அல்லது இல்லை' என்று ஒரு கேள்வியைக் கேட்டுக் கிளை பிரிந்து செல்லும் அட்டவணைக்குத் திறவுகோல் என்று பெயர். ஒவ்வொரு நாட்டுக்கும், ஒவ்வொரு பருவத்துக்கும் தனித் திறவுகோல் வேண்டும். குஞ்சுக்கு எழுதியது இளம் உண்ணிக்குப் பொருந்தாது. இளம் உண்ணிக்கு எழுதியது முதிர்ந்ததற்குப் பொருந்தாது.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்ற கேள்விக்குக் கர்நாடகத்தின் கியாசனூர் காடு பதில் வைத்திருக்கிறது. 1957-இல் சிவமொக்கா மாவட்டத்தின் அந்தக் காட்டுப் பகுதியில் குரங்குகள் செத்து விழுந்தன. காட்டோரக் கிராமங்களில் மக்கள் கடும் காய்ச்சலில் படுத்தார்கள். குரங்குச் சாவும் மனிதச் சாவும் சேர்ந்து வந்ததால் கொசு பரப்பும் மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்குள் நுழைந்துவிட்டதோ என்ற அச்சம் முதலில் எழுந்தது. புணேயின் வைரஸ் ஆராய்ச்சி நிலையம் வைரசைப் பிரித்தெடுத்தபோது, அது ரஷ்யக் காடுகளில் உண்ணி பரப்பும் மூளைக்காய்ச்சல் வைரசின் உறவு என்று தெரிந்தது. விசாரணை கொசுவை விட்டு உண்ணியின் பக்கம் திரும்பியது.

ஆனால் எந்த உண்ணி? அந்தக் காட்டுத் தரையில் ஹீமாஃபைசாலிஸ் பேரினம் மட்டுமே பல இனங்களாக மண்டிக் கிடந்தது. அவற்றின் குஞ்சும் இளம் பருவமும் வெறுங்கண்ணுக்கு ஒரே மாதிரி. முதிர்ந்தவை மாடு, காட்டெருமை போன்ற பெரிய விலங்குகளில் குடிக்க, இளையவை எலி, மூஞ்சூறு, தரையில் மேயும் பறவை, குரங்கு, மனிதர் என்று கிடைத்ததன்மேல் ஏறின. ஒவ்வொரு பருவத்தையும் அதன் தாயோடு பொருத்திக்காட்ட ஆய்வகத்தில் முட்டையிலிருந்து வளர்க்க வேண்டியிருந்தது. ஹெரால்ட் டிராபிடோ, எகிப்தின் கெய்ரோவில் இருந்தபடி உலக உண்ணிகளையெல்லாம் ஆராய்ந்த ஹாரி ஹூக்ஸ்ட்ரால் ஆகியோர் இந்தியத் தோழர்களோடு சேர்ந்து 1960-களில் தென்னிந்திய ஹீமாஃபைசாலிஸ்களை ஒவ்வொன்றாக வரைந்து விவரித்தனர். 1964-இல் விவரிக்கப்பட்ட ஒன்றுக்குக் கியாசனூரென்சிஸ் என்று அந்தக் காட்டின் பெயரே சூட்டப்பட்டது. நோயை முதன்மையாகச் சுமப்பது ஹீமாஃபைசாலிஸ் ஸ்பைனிஜெரா, அதாவது 'முள் தாங்கி', என்பது நிலைநாட்டப்பட்டது. மனிதரைக் கடிப்பது பெரும்பாலும் அதன் இளம் பருவம். அது பெருகுவது மழை ஓய்ந்த வறண்ட மாதங்களில். காட்டுக்குள் விறகும் சருகும் சேர்க்க மக்கள் போகும் காலமும் அதுவே. இந்த இணைப்பைக் கண்ணுக்குக் கொண்டுவந்தது இனத்தையும் பருவத்தையும் பிரித்தறிந்த பொறுமைதான். குரங்குக் காய்ச்சல் என்று இன்று அழைக்கப்படும் இந்நோய் 2012-இல் பந்திப்பூரிலும், பின்னர் வயநாட்டிலும் நீலகிரியிலும் தலைகாட்டியது. எனவே தமிழகக் காட்டோர மக்களுக்கும் இது அடுத்த வீட்டுச் செய்தி அல்ல.

அதே பேரினம் அமெரிக்காவிலும் ஒரு பாடம் நடத்தியது. 2017-இல் நியூஜெர்சி மாநிலத்தில் ஓர் ஆட்டின் மேல் உண்ணிகள் அப்பிக்கிடந்தன. ஆய்வில் அவை கிழக்காசியாவின் ஹீமாஃபைசாலிஸ் லாங்கிகார்னிஸ் என்று தெரிந்தது. இந்த உண்ணியில் ஒரு வகை ஆண் துணையே இல்லாமல் முட்டையிடும். ஒரே பெண் வந்திறங்கினாலும் ஒரு கூட்டம் உருவாகிவிடும். புதிதாக வந்தது என்று எண்ணிப் பழைய சேமிப்புகளைத் திரும்பப் புரட்டியபோது, 2010-இலேயே மேற்கு வர்ஜீனியாவில் ஒரு வெள்ளைவால் மானின் மேல் இது எடுக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. ஆண்டுக்கணக்கில் அது குப்பியில் உறங்கியது. அமெரிக்கக் காடுகளில் ஹீமாஃபைசாலிஸ் என்றால் முயலுடையதும் பறவையுடையதும்தான் என்ற பழக்கமான எதிர்பார்ப்பு இருந்த இடத்தில், மூன்றாவதாக ஒன்றைத் தேட யாருக்கும் தோன்றுவதில்லை. அடையாளம் காண்பவருக்கு மிகப் பெரிய எதிரி இந்த எதிர்பார்ப்புதான்.

உண்ணிக்கு நெருங்கிய உறவு சிற்றுண்ணிகள். கண்ணுக்கு எட்டாத, அல்லது எட்டியும் எட்டாத அளவு கொண்டவை. சொறி உண்டாக்கும் சார்கோப்டிஸ் அரை மில்லிமீட்டரைத் தாண்டாது. தோலுக்குள் சுரங்கம் தோண்டி அதிலேயே முட்டையிடும். ஆஸ்திரேலியாவின் வோம்பாட், ஐரோப்பாவின் செந்நரி என்று இது தாக்கும் காட்டு விலங்குகளின் பட்டியல் நீளமானது. ரோமம் உதிர்ந்து தோல் மரப்பட்டைபோலத் தடித்த விலங்கைக் கண்டால் சந்தேகம் எழும். உறுதி செய்ய, புண்ணின் ஓரத்தை ரத்தம் கசியும்வரை கத்தியால் சுரண்டி, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்துச் செதில்களைக் கரைத்துவிட்டு நுண்ணோக்கியில் தேடவேண்டும்.

சிற்றுண்ணிகளில் இன்னொரு குழு தமிழ்நாட்டுக்கு மிக வேண்டியது. எலி, மூஞ்சூறு ஆகியவற்றின் காதுமடலுக்குள் ஆரஞ்சு நிறத் தூள் அப்பியதுபோலக் கூட்டமாக ஒட்டியிருக்கும் குஞ்சுகள் அவை. லெப்டோடிராம்பிடியம் என்ற பேரினத்தைச் சேர்ந்த இவை ஸ்கிரப் டைபஸ் என்னும் காய்ச்சலைப் பரப்புகின்றன. குஞ்சுப் பருவம் மட்டுமே கடிக்கும். அதுவும் ரத்தத்தையல்ல, கரைத்த தோல் திசுவை உறிஞ்சும். வளர்ந்ததும் விலங்குகளை விட்டுவிட்டு மண்ணில் சிறு பூச்சி முட்டைகளைத் தின்று வாழும். நோய்க்கிருமி தாயிடமிருந்து முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்குப் போகிறது. இனத்தைச் சொல்வது அதன் முதுகில் உள்ள சிறு தகடு: இந்தப் பேரினத்தில் அது ஏறத்தாழச் செவ்வகமாக, ஐந்து முடிகளும் இரண்டு மெல்லிய உணர்முடிகளும் கொண்டிருக்கும். அந்த முடிகளுக்கு இடையிலான தூரத்தை மைக்ரானில் அளந்து இனத்தைப் பிரிக்கிறார்கள். தமிழ் நாளிதழ்கள் இந்நோயை உண்ணிக் காய்ச்சல் என்றே எழுதுகின்றன. பெயரைக் கேட்டவர் மாட்டுண்ணியையும் நாயுண்ணியையும் நினைத்துக்கொள்வார். புதர்த் தரையையும் எலி வளையையும் நினைக்கமாட்டார். தற்காப்பு தொடங்க வேண்டிய இடம் அந்தப் புதர்தான் என்பதால் இந்தப் பெயர்ப் பிழையைச் சிறியதென்று ஒதுக்க முடியாது.

பேன்களின் கதை வேறு. உண்ணி வாழ்நாளின் பெரும்பகுதியைத் தரையில் கழிக்கிறது. பேன் பிறப்பிலிருந்து சாவுவரை ஓம்புயிரை, அதாவது தான் ஒட்டி வாழும் விலங்கை, விட்டு இறங்குவதில்லை. முட்டையை, அதாவது ஈரை, முடியோடு பசைபோட்டு ஒட்டிவைக்கிறது. சுமார் 5000 இனங்கள். தலையைப் பார்த்தாலே முதல் பிரிவு தெரிந்துவிடும். தலை மார்பைவிடக் குறுகியிருந்தால் ரத்தம் உறிஞ்சும் பேன். பாலூட்டிகளில் மட்டும் வாழும். தலை அகன்றிருந்தால் கடிக்கும் பேன். பெரும்பாலும் பறவைகளில் இறகையும் செதிலையும் தின்னும். இரண்டிலும் சேராத விந்தை ஒன்று யானையின் மேல் இருக்கிறது. யானைப் பேனின் தலை முன்னால் நீண்டு துதிக்கை போலவே குழலாகி, அதன் நுனியில் கடிக்கும் தாடைகள் அமைந்திருக்கின்றன. யானையின் கெட்டித் தோலைத் துளைக்க அந்த நீளம் உதவுகிறது. 1869-இல் பெயரிடப்பட்ட இந்தப் பேன் ஆசிய யானையிலும் ஆப்பிரிக்க யானையிலும் உண்டு. இதன் குழுவில் மொத்தம் மூன்றே இனங்கள். மற்ற இரண்டும் ஆப்பிரிக்கக் காட்டுப்பன்றிகளில் வாழ்கின்றன.

பேனின் கால் நகம் அது பற்றும் முடியின் பருமனுக்கு ஏற்ப வளைந்திருக்கும். ஆகவே ஓர் இனப் பேன் வேறு விலங்கில் குடியேறுவது கடினம். ஓம்புயிர் இரண்டு இனமாகப் பிரிந்தால் பேனும் கூடவே பிரிகிறது. வட அமெரிக்காவில் மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் கோஃபர்களின் வம்சமரத்தையும் அவற்றின் பேன்களின் வம்சமரத்தையும் 1988-இல் அருகருகே வைத்துப் பார்த்தபோது கிளைகள் பெருமளவு பொருந்தின. விதிவிலக்குகளும் பேசுகின்றன. மனிதரின் அந்தரங்க முடியில் வாழும் பேனுக்கு மிக நெருங்கிய உறவு சிம்பன்சியிடம் இல்லை, கொரில்லாவிடம் இருக்கிறது. சில பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன் அந்தப் பேன் கொரில்லா வம்சத்திலிருந்து மனித முன்னோரிடம் தாவியிருக்க வேண்டும் என்பதே மரபணு ஆய்வு காட்டும் வழி. எலும்புப் படிமம் சொல்லாத ஒரு சந்திப்பைப் பேன் சொல்கிறது.

தெள்ளுப்பூச்சியைக் குலமறிவது எளிது: பக்கவாட்டில் தட்டையாக நசுங்கிய உடல், சிறகின்மை, தாவும் பின்னங்கால். இனமறிவதோ மிகக் கடினம். சுமார் 2500 இனங்கள் இருக்கின்றன. கன்னத்திலும் கழுத்தை ஒட்டிய மார்புப் பட்டையிலும் சீப்புப் பற்கள் போன்ற முள்வரிசை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாய், பூனைத் தெள்ளுகளுக்கு இரண்டு சீப்பும் உண்டு. கொள்ளைநோய் பரப்பும் எலித்தெள்ளுக்கு ஒன்றுமே கிடையாது. அதற்கு மேல் ஆணில் இனப்பெருக்க உறுப்பின் கொக்கிகளையும், பெண்ணில் விந்தைச் சேமித்துவைக்கும் சிறு பையின் வடிவத்தையும் பார்க்க வேண்டும். உடலைக் காரத்தில் வெளுக்கவைத்து, சாராயத்தில் நீர் வாங்கி, கிராம்பு எண்ணெயில் தெளியவைத்து, கனடா பால்சத்தில் கண்ணாடித் தகட்டில் பொருத்திய பிறகே அந்தப் பை கண்ணுக்குத் தெரியும்.

அந்தப் பையின் வடிவம் ஊர்களின் விதியைப் பிரித்திருக்கிறது. 1896-இல் பம்பாயில் தொடங்கிய கொள்ளைநோய் இந்தியாவின் பல பகுதிகளைச் சூறையாடியது. 1898-இல் பிரெஞ்சு மருத்துவர் சிமோன் கராச்சியில் செய்த சோதனை எலித்தெள்ளைக் குற்றவாளியாக நிறுத்தியது. இன்று ஜெனாப்சில்லா கியோப்பிஸ் எனப்படும் அந்தத் தெள்ளுக்கு 1903-இல் சார்லஸ் ரோத்ஸ்சைல்ட் கியோப்பிஸ் என்னும் இனப்பெயரை வழங்கினார். மாதிரிகள் கிடைத்த இடம் சூடான், பெயர் வந்தது எகிப்தின் பிரமிடு கட்டிய அரசனிடமிருந்து. இந்திய எலித்தெள்ளெல்லாம் கியோப்பிஸ் என்றே கொஞ்சகாலம் எண்ணப்பட்டன. ஆனால் மதராஸ் நகரம் ஏன் பம்பாய் போல அழியவில்லை என்ற கேள்வி நின்றது. 1911-இல் ரோத்ஸ்சைல்ட் ஜெனாப்சில்லா ஆஸ்டியா என்று இன்னொன்றைப் பிரித்துக் காட்டியிருந்தார். 1914-இல் கொள்ளைநோய் கொழும்பை எட்டியபோது அங்கே பணியாற்றிய ஃபேபியன் ஹர்ஸ்ட் நகரத்து எலிகளின் தெள்ளுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பெரும்பான்மை ஆஸ்டியா. கொள்ளைநோயைக் கடத்துவதில் கியோப்பிஸ் அளவுக்கு அது திறமையானதல்ல. மதராசிலும் ஆஸ்டியாவே மிகுதி என்பதால் அங்கு நோய் வேரூன்றாததற்கு அதுவே காரணம் என்று ஹர்ஸ்ட் வாதிட்டார். அதுவரை ஒரே பெயரின் கீழ் எண்ணப்பட்டவை இரண்டாகப் பிரிந்தவுடன் வரைபடமே மாறியது. ரோத்ஸ்சைல்ட் சேர்த்த தெள்ளுகள் இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றைப் பட்டியலிடும் பெரும்பணியில் அவர் மகள் மிரியம் பல ஆண்டுகளைச் செலவிட்டார்.

ஈக்களில் சில, புதியவரை முழுதாக ஏமாற்றிவிடும். வௌவால் மேல் வாழும் நிக்டெரிபியா என்ற ஈக்குச் சிறகே இல்லை. நீண்ட கால்களோடு ரோமத்தினூடே ஓடும்போது சிலந்தியாகவே தோன்றும். கால்களை எண்ணினால் ஆறு. மானின் மேல் இறங்கியதும் சிறகை உதிர்த்துவிடும் ஈயும் உண்டு. பறவைகளில் வாழும் தட்டை ஈயின் வயிற்றில் சில சமயம் பேன்கள் தொற்றிக்கொண்டிருக்கும். சிறகற்ற பேன் வேறு பறவைக்குப் போகப் பிடித்த வண்டி அது. கடலில் திமிங்கலப் பேன் என்று அழைக்கப்படுபவை பேனே அல்ல, இறாலின் தூரத்து உறவான ஓட்டுடலிகள். பேச்சுவழக்குப் பெயர் உருவத்தைப் பார்த்து வருகிறது. அறிவியல் பெயர் உறவைப் பார்த்து வர வேண்டும்.

இத்தனை நுணுக்கமும் பயன்பட வேண்டுமானால் மாதிரி சரியாக எடுக்கப்பட்டிருக்க வேண்டும். இந்தியாவில் காட்டு விலங்கைத் தொட 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வனத்துறையின் அனுமதி தேவை. ஆகவே கழுத்துப்பட்டை பொருத்த மயக்க ஊசி போடும் நேரமும், சாலையில் அடிபட்டு இறந்த விலங்கின் உடற்கூறாய்வும்தான் பெரும்பாலும் வாய்ப்பு. உடல் ஆறத் தொடங்கியதும் தெள்ளுகள் முதலில் இறங்கி ஓடும். பேன்கள் முடியைப் பற்றியபடியே சாகும். எனவே நேரம் முக்கியம். உண்ணியை எடுக்கும்போது நுண்ணிடுக்கியைத் தோலோடு ஒட்டிவைத்து நேராக இழுக்க வேண்டும். அவசரத்தில் பிய்த்தால் வாயுறுப்பு தோலுக்குள்ளேயே நின்றுவிடும். பல இனங்களில் பெயர் சொல்லும் பல்வரிசை அந்த வாயில்தான் இருக்கிறது. காது, இமை, அக்குள், தொடையிடுக்கு என்று இடம் தவறாமல் தேட வேண்டும். உருவத்தை மட்டும் பார்க்க 70 சதவீத எத்தனால் போதும். மரபணுவுக்கு அதைவிடச் செறிந்தது வேண்டும்.

ஒவ்வொரு விலங்குக்கும் தனிப் பை, தனிக் குப்பி. ஒரே சாக்கில் புலியையும் அது அடித்த மானையும் ஏற்றினால் மானின் பேன் புலியின் மேல் ஏறிவிடும். இரையைக் கடித்துத் தின்னும் விலங்கின் மேல் இயற்கையாகவே இரையின் ஒட்டுண்ணி தங்கியிருப்பதுண்டு. ஒரே ஒரு பேனை வைத்துப் 'புதிய ஓம்புயிர்' என்று அறிவித்தால் அது பெரும்பாலும் பிழையாகவே முடியும். குப்பிக்குள் போடும் சீட்டு பென்சிலில் அல்லது அழியாத கறுப்பு மையில் எழுதப்பட வேண்டும். பால்பாயிண்ட் மை சாராயத்தில் கரைந்து ஓடிவிடும். எந்த விலங்கு, எந்த ஊர், எந்த நாள், உடலின் எந்த இடம், யார் எடுத்தது என்பவை அதில் இருக்க வேண்டும். இவை இல்லாத உண்ணி, எவ்வளவு அழகாகப் பதப்படுத்தப்பட்டிருந்தாலும், ஆய்வுக்கு ஏறக்குறைய வெறும் பொருள்.

சீட்டின் விலை என்ன என்பதற்கு அமெரிக்காவின் பயணப் புறாவின் பேன்கள் சாட்சி. வானத்தை மறைத்துப் பறந்த அந்தப் புறாவின் கடைசிப் பறவை 1914-இல் சின்சினாட்டி விலங்குக்காட்சிச் சாலையில் இறந்தது. அதன் உடலில் மட்டுமே வாழ்ந்ததாகக் கருதப்பட்ட பேனுக்கு 1937-இல், 'அழிந்தது' என்ற பொருளில், கொலம்பிகோலா எக்ஸ்டிங்டஸ் என்று பெயரிட்டார்கள். 1999-இல் பேன் வல்லுநர்கள் மற்றப் புறாக்களின் பேன்களை ஒப்பிட்டபோது, அதே இனம் பட்டைவால் புறாவில் இன்றும் உயிரோடிருப்பது தெரிந்தது. பயணப் புறாவோடு அழிந்ததாக நினைத்த மற்றொரு பேனை மறுஆய்வு செய்ததில் அதன் சீட்டே தவறு. அது ஆஸ்திரேலியப் புறா ஒன்றின் பேன் என்று தேறியது. ஒன்று தவறான நம்பிக்கையால் இறந்ததாக எழுதப்பட்டது. இன்னொன்று தவறான சீட்டால் பிறவாத ஊரில் பிறந்ததாக எழுதப்பட்டது.

இப்போது மரபணு கைகொடுக்கிறது. 2003-இல் முன்வைக்கப்பட்ட முறைப்படி ஒரே மரபணுவின் சுமார் 650 எழுத்துகளைப் படித்து, தெரிந்த இனங்களின் தொகுப்போடு ஒப்பிட்டால் பெயர் வந்துவிடும். உடைந்த உண்ணிக்கும் உருவம் பிடிபடாத குஞ்சுக்கும் இது வரம். ஆனால் தொகுப்பில் உள்ள எழுத்து வரிசைக்கு யார் பெயர் கொடுத்தார்? பழைய முறையில் நுண்ணோக்கியோடு அமர்ந்த ஒருவரே. அவர் தவறியிருந்தால் கணினியும் அதே தவறை வேகமாகத் திருப்பிச் சொல்லும். வயிறு நிறைந்த ஒட்டுண்ணிக்குள் ஓம்புயிரின் மரபணுவும் கிடைக்கிறது என்பது இதன் இன்னொரு லாபம். வியட்நாமின் அன்னாமைட் மலைக்காடுகளில் கேமராவுக்கும் அரிதாகவே சிக்கும் விலங்குகளைத் தேடியவர்கள், நிலத்து அட்டைகளைப் பிடித்து வயிற்று ரத்தத்தை ஆராய்ந்தார்கள். 2012-இல் வெளியான அந்த ஆய்வில் அன்னாமைட் வரிமுயல் உட்பட அரிய பாலூட்டிகள் அகப்பட்டன. மேற்குத்தொடர்ச்சி மலையில் மழைக்காலத்தில் நடந்தவருக்கு அட்டை பழகிய தொல்லை; காடு யார்யாரைச் சுமக்கிறது என்ற பதிவையும் அது வயிற்றில் வைத்திருக்கிறது.

ஒட்டுண்ணிகளின் வரலாறு ஆழமானது. 2017-இல் விவரிக்கப்பட்ட மியான்மர் அம்பரில், 9.9 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட ஓர் உண்ணி இறகு ஒன்றைப் பற்றிய நிலையிலேயே உறைந்திருக்கிறது; அந்த இறகு டைனோசர் ஒன்றுடையது. ஹூக்ஸ்ட்ரால் பணியாற்றிய காலத்தில் பெருகிய சேகரிப்பு இன்று அமெரிக்காவின் ஜார்ஜியா சதர்ன் பல்கலைக்கழகத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட உண்ணிகளோடு இருக்கிறது. கொல்கத்தாவில் 1916-இல் நிறுவப்பட்ட இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் பெட்டிகளிலும் இந்நாட்டு மாதிரிகள் காக்கப்படுகின்றன. ஓர் இனத்துக்கு முதன்முதலில் பெயர் சூட்டியபோது பயன்பட்ட மூல மாதிரியை அருங்காட்சியகத்தில் வைப்பது பிற்கால வழக்குக்கான சாட்சி. பெயரைப் பற்றிச் சந்தேகம் எழுந்தால் எடுத்துப் பார்க்க வேண்டியது அதைத்தான்.

பெயர் இருந்தும் அழிந்தவையும் உண்டு. கலிஃபோர்னியா கான்டார் என்னும் பெருங்கழுகு 1987-இல் 27 பறவைகளாகச் சுருங்கியபோது அனைத்தையும் பிடித்துக் கூண்டில் வளர்த்தார்கள். உடல்நலத்துக்காக அவற்றின் பேன்களையும் மருந்தால் நீக்கினார்கள். கான்டாரில் மட்டுமே வாழ்ந்த கால்போசெஃபாலம் கலிஃபோர்னிசி என்ற பேன் அதன் பின் காணப்படவில்லை. கழுகு இன்று நூற்றுக்கணக்கில் பெருகியிருக்கிறது. அசாமின் மானஸ் புல்வெளியில் வாழும் குள்ளப் பன்றியின் கதை இதற்கு நெருக்கமானது. உலகின் மிகச் சிறிய காட்டுப் பன்றியான அதன் மேல் மட்டும் ஹீமடோபைனஸ் ஒலிவெரி என்ற உறிஞ்சும் பேன் வாழ்கிறது. 1996-இல் மானஸிலிருந்து பிடித்துவந்த பன்றிகளின் வழிவந்த குட்டிகள் பிற்பாடு காட்டுக்குத் திரும்பின. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இடம்பெற்ற மிகச் சில பேன்களில் ஒன்று அந்தப் பேன். அங்கே அது நிற்கும் நிரல், மிக ஆபத்திலுள்ளவை.